மூன்று காலிக் கட்டங்கள்

"திங்கள், செவ்வாய், புதன்... மூணு நாள் அப்படியே காலியாயிடுச்சே!"

சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணை முன்னால் நின்று டைம்கீப்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். பஸ் டிப்போவில் முப்பத்தாறு வருடம் வண்டிகளுக்கு நேரம் குறித்துக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. புத்தி அதைவிடக் கெட்டியாக ஒட்டிக்கொண்டது.

"காலியா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். கட்டம்தானே, வயிறா?" என்றார் நர்ஸம்மா, ஸ்வெட்டர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவரும் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்தான். ஆனால் ஓய்வு என்றால் என்ன என்று தெரிந்தவர்.

இந்தக் குளிர்காலத்துக்கு டைம்கீப்பர் போட்ட அட்டவணையில் ஈ நுழைய இடமில்லை. டிசம்பரில் மகன், மருமகள், பேரக்குழந்தைகள். அவர்களோடு அணைக்கட்டுக்கு ஒரு நாள். அவர்கள் கிளம்பிய அன்று சாயங்காலமே அவருடைய தங்கை குடும்பம். கலங்கரை விளக்கத்துக்கு ஒரு நாள். அடுத்து மகளும் மாப்பிள்ளையும். நடுநடுவே இவருக்கு வாட்டர்கலர், அவருக்கு ஸ்வெட்டர். ஒரு வண்டி வெளியே போனால் அடுத்த வண்டி உள்ளே வந்து நிற்க வேண்டும் என்பது அவருடைய தொழில் தர்மம்.

அதில்தான் மகள் மண்ணைப் போட்டுவிட்டாள்.

"நான் என்னப்பா பண்றது? திங்கட்கிழமை காலைல சீட்ல இருக்கணும்னு மேனேஜர் கறாரா சொல்லிட்டார். நாளைக்குக் கிளம்பியே ஆகணும்."

"புதன்கிழமை வரைக்கும்னு எழுதியாச்சேம்மா."

"அப்போ மேனேஜர்கிட்ட உங்க அட்டவணையைக் காட்டட்டுமா?"

டைம்கீப்பர் போனை எடுத்தார். வியாழக்கிழமை வருவதாக இருந்த நர்ஸம்மாவின் அண்ணன் கிடைத்தார்.

"மச்சான், வியாழக்கிழமை வர்றதுக்கு நாளைக்கே வந்தா என்ன?"

"செவ்வாய்க்கிழமை எனக்குப் பல் பிடுங்குறாங்க மாப்ளே."

"இங்கயும் பல் டாக்டர் இருக்கார் மச்சான். நல்லாவே பிடுங்குவார்."

"உடம்பு கிடம்பு சரியில்லையா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு அண்ணன் போனை வைத்துவிட்டார்.

தங்கைக்குப் போட்டார். "போன மாசம்தானே அண்ணா வந்துட்டுப் போனோம்! துரத்தினாலும் போக மாட்டாங்கன்னு அண்ணி நினைச்சுக்கப் போறாங்க" என்று அவள் சிரித்தாள்.

மகளும் சிரித்தாள். "அம்மா, அப்பாவுக்கு மனுஷங்களே வேண்டாம். கட்டம் நிரம்பினா போதும்."

அவருக்குச் சுருக்கென்றது. அந்த மூன்று நாட்களை எப்படித் தள்ளுவது என்பதுதான் அவர் கவலை. அதை மகளிடம் எப்படிச் சொல்வது? அட்டவணையைப் பார்த்தபடியே நர்ஸம்மாவிடம் பேச்சை எடுத்தார்.

"இல்ல... நாம ரெண்டு பேர் மட்டும் எங்கயாவது போயிட்டு வரலாமே? மலையடிவாரத்துல ஒரு ஏரி இருக்காம். மூணே நாள். காலைல ஆறு அஞ்சுக்கு ஒரு பஸ்..."

"எட்டு இருபதுக்கு டிபன். ஒன்பதுக்கு ஏரி. ஒன்பதே காலுக்குள்ள ஏரியைப் பார்த்து முடிச்சிடணும். அப்படித்தானே?" நர்ஸம்மா மகள் பக்கம் திரும்பினார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்கப்பா டிப்போவுல நானும் ஒரு வண்டிதான்டி. குளிக்க ஒரு நேரம், தும்ம ஒரு நேரம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டைம்கீப்பர் சிரிக்கவில்லை.

"இனிமே நேரம் எதுவும் சொல்ல மாட்டேன். சும்மா போகலாம்" என்றார்.

"எனக்கு வேற வேலை இருக்குங்க."

அதற்கு மேல் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அன்று முழுக்க வாட்டர்கலர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கோடுகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்சி வந்தது. மாப்பிள்ளை பெட்டிகளை ஏற்றினார். மகள் இருவரையும் கட்டிக்கொண்டாள்.

"உடம்பைப் பார்த்துக்கோங்க. அப்பா, அம்மாவைப் போட்டு விரட்டாதீங்க."

"விரட்டலைம்மா" என்றார் டைம்கீப்பர்.

டாக்சி தெருமுனை திரும்பும்வரை இருவரும் சேர்ந்து நின்று கையாட்டினார்கள். பிறகு நர்ஸம்மா உள்ளே போய் அலமாரியிலிருந்த தன் துணிகளையும் மருந்து டப்பாவையும் ஒரு பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். டைம்கீப்பர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை அண்ணன் வர்றதுக்கு முன்னாடியே வந்துடறேன்" என்று பெட்டியை மூடினார் நர்ஸம்மா. விவாகரத்து ஆகி இரண்டு வருடமாகியும் பிள்ளைகளிடமோ சொந்தக்காரர்களிடமோ சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. வீட்டில் விருந்தாளி இருக்கும் நாட்களில் மட்டும், நாலு ஸ்டாப் தள்ளியிருக்கும் தன் வீட்டைப் பூட்டிவிட்டு அவர் இங்கே வந்து தங்குவதாக ஒப்பந்தம்.

டைம்கீப்பர் பெட்டியை வாசல் கேட் வரைக்கும் தூக்கி வந்தார். நர்ஸம்மா அதை வாங்கிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார்.

"நாளைக்கு அங்க சாப்பிட வாங்க. என் வீட்டுக்கு இதுவரைக்கும் விருந்தாளின்னு ஒருத்தர்கூட வந்ததில்லை."

"எத்தனை மணிக்கு?" பழக்கதோஷம், கேட்டே விட்டார்.

"பசிக்கிறப்போ."