வெள்ளிக்கிழமைக் கோழி

பக்கத்தில் வாருங்கள் கண்ணுகளா, எத்தியோப்பிய மலையூரில் நடக்கும் ஒரு விருந்தைக் காட்டுகிறேன். நார்வேயிலிருந்து கிறிஸ்தவ ஊழியத்துக்கு வந்த மாரித் முதன்முதலாக ஊர்ப் பக்குவத்தில் காரக் கோழிக்குழம்பு வைத்திருக்கிறாள். ஜன்னல் வெயிலில் ஆவி சுருள்கிறது. இத்தனை நாள் வாசலோடு நின்ற அடுத்த வீட்டு அஸ்கலே இன்றுதான் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. “அடியே, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. எங்க சபையில உபவாசம், கறி தொடமாட்டோம்.” மாரித்தின் முகம் வாடுகிறது. “வேதம் படிக்கிற வீட்டுல கிழமை பார்க்க ஆளில்லையா?” என்று குலுங்கிச் சிரித்த அஸ்கலே, ஓடிப்போய்த் தன் வீட்டுப் பருப்புச் சட்டியோடு திரும்புகிறாள். புளித்த இஞ்செரா அப்பத்தில் பருப்பைச் சுருட்டி, பெரிய கவளமாக மாரித்தின் வாயில் திணிக்கிறாள். “மெல்லு. நாளைக்கு வர்றேன், கோழிய நீ எனக்கு ஊட்டணும்.” பேச வாயில் இடமில்லாமல் மாரித் தலையைத் தலையை ஆட்டுகிறாள். உங்கள் வீட்டிலும், ‘நாளைக்கும் வர்றேன்’ என்று சொல்லிப் போகும் விருந்தாளிகள் பெருகட்டும்.