அத்தான் காய்ச்சிய சாஸ்

கொல்லைப்புறத்தில் புகை எழும்பினாலே சின்னவளுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும்.

அக்கா புருஷன் வேலையில் இறங்கிவிட்டார் என்று அர்த்தம். பாதியாக அறுத்த எண்ணெய் டிரம்மில் கரி மூட்டி, கம்பி வலை போட்டு, பன்றி விலாவைப் பட்டை பட்டையாக அடுக்கிக்கொண்டிருந்தார் அத்தான். கையில் இடுக்கி, முகத்தில் ராக்கெட் விடப்போகிற விஞ்ஞானியின் தோரணை. தொட்ட தொழிலையெல்லாம் மூழ்கடித்துவிட்டு, பெண்டாட்டியோடு மாமனார் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு வேறு என்ன வேலை!

"அடியில இருக்கிற சவ்வை உரிக்காமச் சுட்டா ரப்பர் மாதிரி இருக்கும். உரிச்சிட்டா எலும்பை விட்டு அப்படியே கழண்டு வரும்" என்றார் அத்தான்.

"நான் உங்களைக் கேக்கவே இல்லையே."

"ஆனா உயிரே சாஸ்லதான் இருக்கு. அதை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

சாஸ் காய்ச்சும்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வார். அக்காவுக்குக்கூட அனுமதி கிடையாது. பிறகு கருஞ்சிவப்பாக, பசை மாதிரி ஒன்றைச் சட்டியில் ஏந்திக்கொண்டு வெளியே வருவார், என்னவோ தங்கத்தை உருக்கியவர் போல.

அம்மா போன பிறகு அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். கல்யாணமே வேண்டாமென்று கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் சின்னவள். மாதக்கணக்கில் அவள் கையால் வைத்த காய்கறி சூப்தான் அவருக்கு ஆகாரம். கிண்ணமும் கரண்டியுமாக அவள் கட்டிலருகே நிற்பதைப் பார்த்து, பெற்றால் இப்படி ஒரு பெண்ணைப் பெற வேண்டும் என்று தெருவே உருகியது. தனக்குப் பிறகு வீடு சின்னவளுக்குத்தான் என்று அப்பாவும் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அத்தான் வந்து சேர்ந்தார். "ருசி மட்டும் பாருங்க மாமா" என்று ஒரு எலும்பை நீட்டினார். அப்பா பல்செட்டைத் தேடி மாட்டிக்கொண்டு, அந்த எலும்பை வெள்ளை வெளேரென்று ஆக்கிவிட்டுத்தான் கீழே வைத்தார். அதிலிருந்து, சின்னவள் விடாமல் தினமும் வைத்துக்கொண்டு வந்த சூப்பைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போம்மா. கழனித்தண்ணி மாதிரி இருக்கு."

இப்போதெல்லாம் டிரம்முக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். மோவாயெல்லாம் சாஸ்.

"மாமா, வீட்டு விஷயம் யோசிச்சீங்களா?" அத்தான் குரலைத் தாழ்த்திக் கேட்டது ஜன்னலோரம் நின்ற சின்னவள் காதில் விழுந்தது.

"யோசிச்சிட்டுத்தான் இருக்கேன் மாப்பிள்ளை. அந்தப் பெரிய துண்டை வைங்க."

மறுநாளே பக்கத்து வீட்டு டீச்சரிடம் போய் நின்றாள்.

"கதவைச் சாத்திக்கிட்டு சமைக்கிறவர் நல்ல எண்ணத்துலயா சமைப்பார்? அதுல என்னத்தைக் கலக்கறாரோ!"

"அப்பா தெம்பாத்தானே நடமாடறார்?"

"எத்தனை நாளைக்கு டீச்சர்?"

அங்கிருந்து நேராகக் காவல் நிலையம். பெண் இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டார்.

"நேர்ல வந்து ஒரு மிரட்டு மிரட்டினாப் போதும் மேடம். மூட்டையைக் கட்டிடுவார்" என்றாள் சின்னவள்.

"விஷம்னு சந்தேகம் சொல்றீங்க. மிரட்டிட்டுப் போற விஷயமா அது?"

அடுத்த முறை புகை எழும்பியபோது ஜீப் வந்து நின்றது. மதில் சுவரோரம் தெருவே கூடிவிட்டது. அத்தான் கையிலிருந்த பிரஷ்ஷிலிருந்து சாஸ் அவர் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இதுல என்னென்ன போட்டிருக்கீங்க?"

"தக்காளி மேடம்... வினிகர், சர்க்கரை, பூண்டு, கடுகுத்தூள்..."

"அவ்வளவுதானா?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். "கொஞ்சம் காபித்தூள்."

தெரு கொல்லென்று சிரித்தது. இதற்கா இத்தனை நாள் கதவடைப்பு! சின்னவளுக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை. கான்ஸ்டபிள்கள் சட்டியையும் இறைச்சியையும் எடுத்ததையோ, பையோடு வீட்டுக்குள் போய் வந்ததையோ அவள் பார்க்கவே இல்லை. அத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே அக்காவும் அத்தானும் பெட்டியோடு வெளியேறினார்கள். "உனக்கு நாங்க என்னடி பண்ணினோம்?" என்று அக்கா அழுதாள். சின்னவள் டிரம்மை உருட்டிக் குப்பையோடு தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

அப்பா மறுபடியும் சூப்புக்குத் திரும்பினார். வேண்டாமென்று சொல்ல அவருக்கு மனமுமில்லை, போக்கிடமுமில்லை. அந்த வாரம் முடிவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டார்.

"பாத்தீங்களா டீச்சர், அந்த மனுஷன் போட்டது இப்பத்தான் வேலையைக் காட்டுது!"

"படுபாவி" என்று டீச்சரும் அத்தானைச் சபித்தார்.

அந்த நேரத்தில்தான் ஜீப் திரும்பி வந்தது. பின்னாலேயே ஆம்புலன்ஸ். அதிலிருந்து முதலில் குதித்தவர் அத்தான். யாரையும் பார்க்காமல் உள்ளே ஓடி, ஆஸ்பத்திரி ஆட்களோடு சேர்ந்து அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

சின்னவள் கொதித்துப்போனாள். "இவரை எதுக்கு மேடம் வெளியில விட்டு வெச்சிருக்கீங்க? சாஸைப் பரிசோதிச்சாங்களா இல்லையா?"

"பரிசோதிச்சாங்க. சாஸ் சுத்தமா இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். ஆம்புலன்ஸ் கிளம்பித் தெருமுனை திரும்பும் வரை பொறுத்திருந்துவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.

"அடுப்படியில இருந்த சூப்பையும் சேர்த்துத்தான் அனுப்பியிருந்தோம். அதை வெச்சது யாரும்மா?"