செங்கல்லும் சிலேட்டும்

"அந்தச் செங்கல்லை எடுத்து வெளியில வைங்க."

வாசல் கதவைப் பூட்டப் போனவர் அப்படியே நின்றார். மனைவியின் கண் அவருடைய தோள்பையின் மேல் இருந்தது. சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் துண்டு சுற்றி ஒளித்தும் பயனில்லை. பை ஒரு பக்கமாகச் சாய்ந்து காட்டிக் கொடுத்துவிட்டது.

"எந்தச் செங்கல்?" என்றார், ஒன்றும் தெரியாதவர்போல.

"எண்ணூறு பக்கத்துல ஒரு செங்கல். டாக்டர்கிட்ட போற அன்னிக்காவது விட்டுட்டு வரக் கூடாதா?"

செல்போன் பழுது பார்ப்பவருக்கு மணிக்கட்டுதான் மூலதனம். ஊசிமுனை அளவு திருகாணியைக் கழற்றுகிற அந்தக் கை ஒரு மாதமாக வீங்கியிருந்தது. எடை தூக்கக் கூடாது, அடுத்த முறை வரும்போதும் வீக்கம் இருந்தால் மாவுக்கட்டுதான், அப்புறம் கடைப் பக்கமே தலை வைக்க முடியாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அந்த அடுத்த முறைதான் இன்று. அதனால்தான் அவளும் கூட வருகிறாள். வீக்கத்துக்குக் காரணம் எது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தினமும் ரயிலில் போகவும் வரவும் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் யார் கைதான் தாங்கும்?

அதற்காகவே அவருடைய பிறந்தநாளுக்கு, மின்னூல் படிக்கிற கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தாள். கையில் இருப்பதே தெரியாத எடை. அதே கதையை அதில் ஏற்றி, எழுத்தையும் பெரிதாக்கி வைத்திருந்தாள். அவர் அதற்குச் 'சிலேட்டு' என்று பெயர் வைத்ததோடு சரி. அதில் அவர் படித்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"சிலேட்டு கண்ணைக் கூசுதும்மா."

"நாள் முழுக்க உடைஞ்ச திரையையே உத்துப் பாக்கற கண்ணு. இது கூசுதா?"

சார்ஜ் நிற்கவில்லை என்றார். செல்போன் கடைக்காரர் வீட்டில் சார்ஜ் இல்லை என்றால் ஊரே சிரிக்கும் என்றாள். கடைசியாக, தாளின் வாசனை என்று ஆரம்பித்தார். வருஷம் பூராவும் சளி பிடித்த மூக்குக்கு என்ன வாசனை தெரியும் என்று அதையும் முடித்துவைத்தாள்.

பிறகு அவள் குரல் இறங்கியது. "ஆசையா வாங்கிக் குடுத்தேன். அதுல இருக்கறது ஒரு எழுத்து விடாம இதுலயும் இருக்கு. அப்படி என்னதான் இருக்கோ அந்தச் செங்கல்லுல. அதை எழுதினவங்களே இத்தனை தடவை படிச்சிருக்க மாட்டாங்க."

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் முறைத்த முறைப்பில் அதை இருமலாக மாற்றிக்கொண்டார். ஆனால் புத்தகத்தை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நிலையம் வரைக்கும் நல்ல பிள்ளையாக இருந்தவருடைய கை, மூன்றாவதில் தானாகப் பைக்குள் போனது. புத்தகத்தை விரித்து, மார்புக்கு நேராக நிமிர்த்திப் பிடித்தார். மணிக்கட்டில் சுருக்கென்று குத்தியது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ஜன்னல் கண்ணாடியில் அது அவளுக்குத் தெரிந்தது. நான் கொடுத்த பொருள் அவ்வளவு வேண்டாததாகிவிட்டதா என்று அவள் கண் கலங்கியதும் அதே கண்ணாடியில் அவருக்குத் தெரிந்தது.

எதிர் இருக்கையில் மடியில் குடையோடு இருந்த பெண் தொண்டையைச் செருமினாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். தினம் பாக்கறேன். நீங்க பக்கத்தைத் திருப்பறதே இல்லையே?"

மனைவி வெடுக்கென்று திரும்பினாள். "திருப்பறதில்லையா?"

வகையாக மாட்டிக்கொண்டார். பையின் ஓரத்து அறையிலிருந்து மெதுவாகச் சிலேட்டை எடுத்து அவள் மடியில் வைத்தார். கதை முழுக்க அடிக்கோடுகள். சில இடங்களில் 'அடடா' என்று குறிப்பு வேறு.

"படிக்கறதெல்லாம் இதுலதான். கடையில ஆள் இல்லாத நேரத்துல. மூணு தடவை முடிச்சாச்சு. இதுமாதிரி வசதி எதுல வரும்?"

"அப்புறம் எதுக்கு இந்தச் செங்கல்லைக் கட்டிக்கிட்டு அழறீங்க?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "சிலேட்டுல படிச்சா, நான் என்ன படிக்கறேன்னு எதிர்ல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சுது சார்." குடைக்காரப் பெண் தன் கைப்பையிலிருந்து அதே மாதிரி ஒரு கருவியை எடுத்துக் காட்டினாள். "உங்க அட்டையைப் பாத்துப் பாத்துதான் போன வாரம் இதுல வாங்கினேன். பாதிதான் முடிச்சிருக்கேன். அந்த அக்கா தங்கச்சி சண்டையில அழுதே போயிட்டேன்."

அவர் நெஞ்சை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தார். அவள் அவருடைய மணிக்கட்டை மெல்லப் பிடித்து, புத்தகத்தை விடுவித்து வாங்கிக்கொண்டாள்.

"கை வீங்கிடும். இறங்கற வரைக்கும் நான் பிடிச்சுக்கறேன்."

அவர் பிடிப்பதுபோலவே அவளும் மார்புக்கு நேராக விரித்துப் பிடித்தாள். அவருடைய அகலமான உள்ளங்கை இத்தனை நாளும் மறைத்திருந்த பின்னட்டைப் படத்தை, அதை எழுதியவளின் படத்தை, குடைக்காரப் பெண் அப்போதுதான் பார்த்தாள். பிறகு புத்தகத்துக்கு மேலே, அதே மூக்குக்கண்ணாடியும் அதே கன்னக்குழியுமாகச் சிவந்துபோயிருந்த முகத்தைப் பார்த்தாள்.