ஒன்பதிலிருந்து பதினொன்று வரை

காலை ஒன்பது மணிக்கு மாமனார் மொட்டை மாடியில் ஆஜர். ஒரு கையில் பிளாஸ்டிக் நாற்காலி, மறு கையில் பெரிய கறுப்புக் குடை. மருமகனின் வேலையில் குற்றம் கண்டுபிடிக்க வசதியாக சோலார் பலகைகளை ஒட்டிக் குடையை விரித்து உட்கார்ந்து, செல்போனில் மின் உற்பத்திக் கணக்கைப் பார்க்க ஆரம்பித்தார்.

எலக்ட்ரீஷியன் மருமகன் தன் கையாலேயே மாட்டிய நாலு பலகைகள். வீட்டுக்குப் போக மிச்ச மின்சாரம் தெருக் கம்பிக்குப் போக வேண்டும். ஆனால் தினமும் ஒன்பதுக்கு உற்பத்தி பொத்தென்று பாதியாக விழுந்தது. பதினொன்றுக்கு, மாமனார் காபி குடிக்க இறங்கும் நேரத்தில், தானாக எழுந்தது.

"ஒரு ஸ்விட்ச் போர்டு நேரா மாட்டத் தெரியாது, மாப்பிள்ளை சூரியனைப் பிடிக்கப் போயிட்டாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

ஒரு பலகையில் நிழல் பட்டாலும் மொத்த வரிசையும் படுத்துவிடும் என்று மருமகன் எப்போதோ சொல்லியிருந்தான். அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டி, அவர் வீட்டு மரத்தை மொட்டையடிக்க வைத்தார். உற்பத்தி அப்போதும் மசியவில்லை.

மருமகனுக்குப் பகலெல்லாம் வெளியே வேலை. சாயங்காலம் வந்து இணைப்புகளை இறுக்குவான், இன்வெர்ட்டரை அணைத்துப் போடுவான். மாமனார் முன்னால் வாயைத் திறக்க மட்டும் அந்த மகாவீரனுக்குத் தைரியம் வராது.

மாமனார் பல் பிடுங்கப் போன அன்றைக்கு மட்டும் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அதுவும் குற்றமாகிவிட்டது. "நான் கண்ணு வெச்சிருந்தாத்தான் இவன் வண்டவாளம் தெரியுது" என்றார், வீங்கிய கன்னத்தோடு.

இன்று மின்சார ஆபீஸ் என்ஜினீயர் அம்மாவை அவரே வரவழைத்திருந்தார். வேலை சரியில்லை என்று அந்தம்மா சொன்னால் பலகைகளைக் கழற்றி எறிவதாகத் தெரு முழுக்கத் தம்பட்டம் வேறு. மருமகனிடம் சோலார் மாட்டப் பேசி வைத்திருந்த மூன்று வீட்டுக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். லீவு போட்டுவிட்டு வந்த மருமகன் மாடிப்படி ஓரமாக வெளிறிப்போய் நின்றான். இது போனால் இந்தத் தெருவில் அவனை நம்பி ஒரு பல்பு மாட்டக்கூட யாரும் கூப்பிடமாட்டார்கள்.

என்ஜினீயர் கீழே தெருக் கம்பியின் வோல்டேஜைப் பார்த்தார். சரி. இன்வெர்ட்டரைத் திறந்து பார்த்தார். அதுவும் சரி. மாடிக்கு வந்து பலகையின் ஒயரில் மீட்டரை மாட்டினார்.

"வேலை சுத்தமா இருக்கு. ஆனா கரன்ட் பாதிதான் வருது."

மருமகன் தலையைத் தொங்கப்போட்டான். மாமனார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

"ஒரு மாசமா இதே இடத்துல உட்கார்ந்து நான் இதைத்தாம்மா சொல்லிக்கிட்டிருக்கேன்."

என்ஜினீயர் மீட்டரைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு மாமனாரை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்தார்.

"ஐயா, அந்தக் குடையைக் கொஞ்சம் மடக்குங்க."