மூணாவது மாடி, லிஃப்ட் இல்லை

வேனின் பின்பக்கம் ஸ்ட்ரெச்சரில் கிடந்தான் கேப்டன். முழங்காலில் சேறு, கழுத்தில் மெடல், கண் பாதி மூடியிருந்தது.

அடி ஒன்றும் இல்லை, வெறும் அசதி. விடிய விடியப் பரீட்சைக்குப் படிப்பு, காலையில் ஃபைனல், கோப்பை வாங்கிய கையோடு வேன். படிப்பில் முதலிடம், கால்பந்தில் கேப்டன், அது போதாதென்று மாணவர் தொண்டர் குழு. எல்லாவற்றிலும் கெட்டிக்காரனாக இருப்பவனைப் போய்த் தூங்கு என்று யாரும் சொல்வதில்லை.

பையில் போன் அதிர்ந்தது. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு அணைத்தான்.

"வீட்டுலேருந்து. ஜெயிச்சியான்னு கேப்பாங்க. அப்புறம் பேசிக்கலாம்."

மாடியில் முடங்கிக் கிடக்கும் நோயாளிகளை இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்ப்பது இந்தக் குழுவின் வேலை. எந்த மாடி, லிஃப்ட் உண்டா, ஆள் எடை என்ன என்பதோடு சரி, பேரைக் கேட்பதில்லை. பேர் சொல்லி உதவி கேட்க ஜனங்கள் கூசுகிறார்கள்.

"ஏம்மா, இன்னிக்குப் போற வீட்டுல தூக்க ஆளே இல்லையா?" என்றார் டிரைவர் அண்ணன்.

"ஒரு பையன் இருக்கானாம். ரொம்ப பிசியாம்" என்றாள் முன்சீட்டில் இருந்த குழுத் தலைவி.

பின்னால் ஸ்ட்ரெச்சரிலிருந்து குரல் வந்தது. "பெத்தவங்களுக்கு ஒதுக்க முடியாத டைமை வச்சுக்கிட்டு அவன் என்னதான் கிழிக்கிறானாம்?"

"நல்லாக் கேளு!" என்று திரும்பினாள். கேட்டவன் அதற்குள் குறட்டை விட ஆரம்பித்திருந்தான்.

"மூணாவது மாடி, லிஃப்ட் இல்லைண்ணா. இடுப்பு ஆபரேஷன். சாயங்காலத்துக்குள்ள அட்மிட் ஆகணும், விட்டா அடுத்த தேதி எப்போ கிடைக்குமோ. அந்தம்மா குரலே ஓய்ஞ்சு போயிருந்துச்சு. கூப்பிட்டா கட்டாயம் வருவாங்களான்னு திரும்பத் திரும்பக் கேட்டாங்க."

டிரைவர் வேனைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினார்.

வேன் நின்றதும் கேப்டனை உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கியவன், கட்டடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"இங்கேயா?"

"இங்கேதான். தூக்கம் தெளியலையா? நேரமாச்சு, பிடி."

ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஏறினான். மைதானம் பூராவும் ஓடிய கால், அந்தப் படிகளில் எழவே மாட்டேன் என்றது. பாவம், ஒரு மனுஷன் எவ்வளவுதான் செய்வான் என்று டிரைவருக்கே இரக்கமாகிவிட்டது.

கதவைத் திறந்த பெண்மணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டார். பல நாள் தூங்காத முகம். உள்ளே கட்டிலில் ஒருவர், சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, கிளம்பத் தயாராகப் படுத்திருந்தார்.

"இனிமே நீங்க கவலையே படாதீங்கம்மா" என்றாள் குழுத் தலைவி. பின்னால் தயங்கி நின்ற கேப்டனைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"எங்க பெஸ்ட் ஆளையே கூட்டிட்டு வந்திருக்கோம். காலேஜ் ஃபர்ஸ்ட், ஃபுட்பால் கேப்டன். யாருக்கு ஒண்ணுன்னாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்துடுவார்."

அந்த அம்மா அவனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"தெரியும்மா. பெத்தவ நான்தான்."