அரைச் சுற்றுத் திருகாணி

“உங்க கிளாரினெட் மறுபடியும் படுத்துடுச்சா, வெர்னெல்?” என்று கடை முகப்பிலிருந்து யூலா கேட்டாள்.

உள்ளே பழுதுபார்க்க வந்த டிராம்போன் ஊதுகுழல் ஒன்றின் நெளிவை எடுத்துக்கொண்டிருந்த ஆல்சிட், தமக்கையின் குரலில் இருந்த கேலி காதில் விழாதவன் போலக் குனிந்துகொண்டான். அந்த ஆற்றோர நகரின் திரெமே வட்டாரத்து ஊர்வல பேண்டுகள் அத்தனையும் வாத்தியம் பழுதானால் அவனிடம்தான் வரும். அவன் கைபட்ட டியூபா வாத்தியங்கள் மழையிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்தன. வெர்னெலின் கிளாரினெட் மட்டும் மாதம் தவறாமல் திரும்பி வந்தது. உன் கைராசி போய்விட்டது என்று யூலா சொல்லிக்காட்டாத நாளில்லை.

கைராசிக்கு ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் செம்மையாக முடித்தபின், ஒரே ஒரு திருகாணியை அரைச் சுற்றுக் குறைவாக விட்டுவிடுவான் ஆல்சிட். நாளடைவில் அது தளரும், துளைமூடி ஆடும், ஒரு சுரம் பிசிறும், அவள் வருவாள். நாற்பதைத் தாண்டியும் தனிக்கட்டையாகவே இருந்துவிட்டவனுக்கு, ஒரு பெண்ணைத் திரும்ப வரவழைக்க வேறு வித்தை தெரியவில்லை.

அன்று வெர்னெல் உடனே கிளம்பவில்லை. மெம்பிஸ் வரை போகும் ஆற்றுக் கப்பலின் இசைக்குழுவுக்குச் சனிக்கிழமை ஆளெடுக்கிறார்கள் என்றும், பள்ளிக்கூடச் சமையலறையில் அவித்துக் கொட்டியபடியே இத்தனை காலம் தான் காத்திருந்தது இதற்காகத்தான் என்றும் சொன்னாள்.

“தேறிட்டா கப்பலோடயே போயிடுவேன், ஆல்சிட்.”

சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். அவனோ டிராம்போனைப் பார்த்தான். நல்ல வாய்ப்பு, விடக்கூடாது என்று எப்படியோ சொல்லி முடித்தான்.

அவள் போனபின் கிளாரினெட்டின் குழலுக்குள் சின்ன விளக்கை நுழைத்து, ஒவ்வொரு மூடியின் ஓரத்திலும் ஒளி கசிகிறதா என்று ஆராய்ந்தான். கடைசியில் அந்தத் திருகாணி மட்டும் மிஞ்சியது. அரைச் சுற்று விட்டுவைத்தால் சனிக்கிழமை சுரம் பிசிறும்; அவள் ஊரிலேயே இருப்பாள். முழுதாக முடுக்கினால் ஆறு அவளைக் கொண்டுபோய்விடும்.

“என்னடா, சாமி கும்பிடறியா?” என்றாள் யூலா.

அவன் முழுதாக முடுக்கினான். மறுநாள் வெர்னெல் வந்து வாசித்துப் பார்த்தபோது சுரங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. யூலா துடைப்பத்தோடு ஒரு சுற்று ஆடியே விட்டாள். ஆல்சிட்டுக்குப் பெருமை ஒரு கண்ணிலும் துக்கம் மறு கண்ணிலும் நின்றது.

திங்கட்கிழமை நண்பகல், அவன் சிவப்பு பீன்ஸும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், வெர்னெல் புயலாக நுழைந்து கிளாரினெட் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

“என்ன பண்ணி வச்சீங்க இதை?”

கரண்டி பாதி வழியில் நின்றது. “பிசிறிடுச்சா?”

“பிசிறவே இல்ல. என்னை எடுத்துக்கிட்டாங்க.”

ஆல்சிட் எழுந்து நின்றான். அவன் முகத்தில் பரவிய மகிழ்ச்சி பொய்யில்லை. அது வடியச் சற்று நேரமானது. பிறகு, அப்படியானால் கிளாரினெட்டில் என்னதான் குறை என்று மெல்லக் கேட்டான்.

“குறையே இல்லாததுதான் குறை. ஒவ்வொரு தடவையும் நீங்க அரைச் சுற்று விடுவீங்க, நான் வீட்டுக்குப் போனதும் முடுக்கிக்குவேன், இங்க வர்ற அன்னிக்குக் காலையில மறுபடி தளர்த்திக் கொண்டாருவேன்,” என்றாள் வெர்னெல். “இந்தத் தடவை முடுக்க ஒண்ணுமே இல்ல. கப்பல் மாசாமாசம் நம்ம துறைக்குத்தான் திரும்புது, அப்பவும் இங்க வந்திருப்பேன்; நான் வர வேணாம்னா வாயால சொல்லியிருக்கலாமே.”