எங்க ஊர்ல எல்லாம் இருக்கு

ஹெஸ்டர் தன் வீட்டு ஜாம் பாட்டில், பீன்ஸ் டப்பா, டீத்தூள் எல்லாத்தையும் கூடைல அள்ளிட்டு வந்து, வருஷக்கணக்கா பூட்டிக் கிடக்கற கடை ஜன்னல்ல அடுக்கிட்டிருந்தா.

"பாதி தீர்ந்தத பின்னாடி வை," ன்னாரு பக்கத்து வீட்டு சிரில். "பூனைத் தீனிய ஏன் கொண்டாந்த? உன் பூனை பட்டினி கிடக்கவா?"

"கடைன்னா நாலும் இருக்கணும். நீங்க போய் மூடிக் கிடக்கற அந்த பப்பத் திறந்து கணப்ப மூட்டுங்க."

விஷயம் இதுதான். கவுண்டி ஆபீஸ்லேர்ந்து, மாவட்ட ஆபீஸ் மாதிரி, டிரான்டர்னு ஒருத்தர் வர்றாரு. எங்களுக்குன்னு இருக்கறது வாரத்துக்கு ஒரே ஒரு பஸ், வியாழக்கிழமை வரும். அது இருக்கணுமா போகணுமான்னு அவர் பாத்து முடிவு பண்ணணும். ஹெஸ்டர் புருஷன் வால்டர் டவுன்ல முதியோர் இல்லத்துல இருக்காரு. அந்த பஸ்ல போனாத்தான் அவ அவர் மூஞ்சியப் பாக்க முடியும்.

பக்கத்து ஊரு லிட்டில் ஹாக்லிக்கு பஸ்ஸ நிறுத்தினப்ப, "செத்த ஊருக்கு எதுக்கு பஸ்"னு ஆபீஸ்ல யாரோ சொன்னதா பேச்சு. அதக் கேட்டதும் ஹெஸ்டர் உக்காந்து, எங்க நெதர் ஹாக்லியப் பத்தி ஊர் வெப்சைட்ல ஒரு பக்கம் எழுதிப் போட்டா. கடை உண்டு, பப் உண்டு, நூலகம் உண்டு, டாக்டர் உண்டு. படிச்சதும் எங்களுக்கே அந்த ஊருக்குக் குடிபோயிடலாமான்னு இருந்துச்சு.

டிரான்டர் வந்தாரு. சாதுவான மனுஷன், மழைல நனைஞ்ச கோட்டு. "கஷ்டம் எதுனாலும் கூச்சப்படாம சொல்லுங்கம்மா."

கஷ்டத்தச் சொல்றதா? எங்க ஊர்ல கால் உடைஞ்சு கிடக்கறவன் கூட "பரவால்ல, மழைதான் கொஞ்சம் ஜாஸ்தி"ம்பான். ஹெஸ்டர் தலைய நிமித்திட்டு, "ஒரு குறையும் கிடையாது சார்," ன்னா.

கடை ஜன்னலக் காட்டினா. "கடைக்காரர் இப்பத்தான் அந்தப் பக்கம் போனாரு." சிவப்பு டெலிபோன் கூண்டுக்குள்ள அடுக்கியிருந்த பழைய புஸ்தகத்தக் காட்டி, "நூலகம். ஒருத்தர் நின்னு படிக்கலாம்," ன்னா.

"டாக்டர்?"

"ப்ரூடென்ஸ் அம்மா இருக்காங்க. ரிட்டையர் ஆயிட்டாங்க, ஆனா கைராசி." மாட்டு டாக்டர்னு ஏன் சொல்லணும்?

கணப்பு சரியா பிடிக்காத பப்புல நாங்க ஏழெட்டு பேர் கோட்டக் கழட்டாம நடுங்கிட்டு, ஆளுக்கொரு கிளாஸ் ஆறின டீய பீர் மாதிரி ஒசத்திப் பிடிச்சு கலகலன்னு சிரிச்சோம். என்னத்துக்கு சிரிக்கறோம்னு ஒருத்தருக்கும் தெரியல.

போன இடத்துலெல்லாம் டிரான்டர் ஒரே கேள்விதான் கேட்டாரு. "அப்ப இதுக்காக நீங்க வெளியூர் போக வேண்டியதில்ல?"

"எதுக்கு சார் போகணும்?" னு ஹெஸ்டர். நாங்களும் பின்பாட்டு.

கடைசியா அவ பக்கம் திரும்பினாரு. "நீங்க டவுனுக்குப் போறதே இல்லியாம்மா?"

வால்டர் பேரு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா அழுகை வந்துரும், அழுதா செத்த ஊரு மாதிரி ஆயிடும்னு முழுங்கிட்டா. "எப்பவாவது சார். சும்மா காத்தாட."

டிரான்டருக்கு மூஞ்சியே தெளிஞ்சு போச்சு. கார்கிட்ட வந்து ஹெஸ்டர் கையப் பிடிச்சுக்கிட்டாரு. சிரில் எங்களப் பாத்து கண்ணடிச்சாரு.

"மனசுல ஒரு பாரம் எறங்குச்சும்மா. ரெண்டு ஊர்ல ஏதாவது ஒண்ணுக்குத்தான் பஸ் விட முடியும். லிட்டில் ஹாக்லில கடையில்ல, டாக்டரில்லன்னு ஒரே அழுகை. யாருக்குக் கொடுக்கறதுன்னு தவிச்சிட்டிருந்தேன்," னாரு. கார்ல ஏறி, கண்ணாடிய எறக்கி, வாய் நெறைய சிரிச்சாரு.

"உங்களுக்கு எதுக்கும்மா பஸ்?"